அப்பா முகம் திரும்பிய படம்

நாளைக்குக் கணவாய் திறந்ததும் நீங்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய் இதைச் சொல்வீர்கள். அதனால் யார் யார் கேட்டார்கள் என்பது முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். இந்தச் சாலைப் பணியாளர் வீட்டின் பொறுப்பாளர் ஓரோசாலி, அடுப்புக்குப் பக்கத்தில். அவர் மனைவி புருல்சா, தேநீர்க் கெண்டியோடு. நாரின் நகரத்துக்கு வேலைக்குத் திரும்பும் நர்ஸ் குந்துஸ், கம்பளிக்குள். நிலக்கரி லாரி ஓட்டும் ஜமீர், கதவோரம். அவன் லாரியில் வந்த நான். என் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அப்பா பெயர்தான் முன்னால் வரவேண்டும். அயாஸ்பெக்கின் மூத்த மகன். இப்போதைக்கு அது போதும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. பேசாமல் படுத்திருப்பேன். ஆனால் குந்துஸ், சற்று முன் நீ ஒரு கதை சொன்னாய். உன் தோழியின் பெரியம்மா ஊரில் நடந்ததாம். மருமகள் ஒருத்தி மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவர் அவமானத்தில் செத்தாராம். கல்லறைக் கல்லில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் மேலே சார்-பெல் வளைவில் அவள் குரல் அவரைக் கூப்பிடுகிறதாம்... நன்றாகத்தான் சொன்னாய். புருல்சா கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

அது உன் தோழியின் பெரியம்மா ஊர் இல்லை. என் வீடு. அந்த மருமகள் என் தம்பி மனைவி.

ஜமீர், நீ உள்ளே வந்ததும் சொன்னதையும் நான் மறக்கவில்லை. "மேல வளைவுல ஒரு பொம்பள போலோத், போலோத்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கண்ணாடிய எறக்கிப் பார்த்தேன், ஒருத்தரும் இல்ல" என்றாய். அதற்குப் புருல்சா, "குடிச்சிட்டு வீட்டுக்கு வராத மகனத் தேடுற அம்மாவா இருக்கும். எங்க மாமியாரு இவர இப்படித்தான் ஊரெல்லாம் கூவித் தேடுவாங்க" என்று ஓரோசாலியைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். வண்டியில் நீ என்னைப் பார்த்து, "தாத்தா, நிறுத்தட்டுமா?" என்று கேட்டபோது நான் கண்ணைத் திறக்காமல் "ஓட்டு" என்றேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாய். தூங்கவில்லை.

சரி... கேளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

மாலை நேரம். சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கியாயிற்று, இருட்டு இன்னும் வரவில்லை. பழைய சாலை, அதே வளைவு. அப்போது இந்த வீடுகூட இங்கே கிடையாது. பனி விழுந்தபின் அந்த வழியில் ஓநாயைத் தவிர எதுவும் நடக்காது. அந்த இடத்தில் என் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு நெஞ்சில் நோய். அது இளவேனில் வரை தன்னை விட்டுவைக்காது என்று அவருக்கே தெரியும். கல்லில் பதிக்க ஒரு முகம் வேண்டும் என்றார். பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள், திருடனைப் பிடித்து நிறுத்தியது போல இருக்கிறது, எனக்கு அப்படி வேண்டாம் என்றார். நிமிர்ந்து உட்கார முடிகிறபோதே எடுத்துவிட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எடுப்பதற்கு வெளியாள் தேவையில்லை. தம்பி தோரோன் கட்டிய பெண் சைரா, கல்யாணத்துக்கு முன் மாவட்ட ஊரில் படம் எடுக்கும் கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடும்போது கொடுத்த மரப்பெட்டிக் கேமராவும் முக்காலியும்தான் அவள் கொண்டுவந்த சீர். முதலில் எங்கள் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சுற்றுவட்டாரம் முழுக்க அவளைத் தேடி வந்தது. அவள் எடுப்பது குளிர்காலத்தில்தான். வெளியே, பனியில்தான். எங்கள் வீடுகளுக்குள் வெளிச்சம் ஏது? ஒரு சின்ன ஜன்னல், மீதி புகை. பனியில் உட்கார வைத்தால் தரையிலிருந்தே வெளிச்சம் ஏறி முகத்தில் விழும். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம் நிரம்பிவிடும். நோயாளிக்கு நோய் தெரியாது, கிழவிக்குப் பத்து வயது குறையும் என்பாள்.

அவள் வேலை செய்யும் முறை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. பனியில் ஆள் மூச்சு விட்டால் வாயின் முன்னால் ஆவி நிற்கும், முகம் மங்கிவிடும். அதனால் படம் எடுக்கும் கணத்தில், "மூச்ச அடக்குங்க" என்பாள். அதன்பின் யாரும் பேசக்கூடாது. அவளும் மூச்சை அடக்கிக்கொள்வாள். அவள் மூச்சு லென்ஸின் முன்னால் போய்விடக்கூடாதே. மூக்கு வரை கம்பளிச் சால்வை சுற்றியிருப்பாள். கேமராவை மூடும் கறுப்புத் துணி தோளில் கிடக்கும். கையில் ரப்பர்க் குமிழ். அதை அழுத்தினால் 'ப்சிக்' என்று ஒரு சத்தம். அதுவரை அசையக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. மருமகள் புகுந்த வீட்டு மூத்தவர்களைப் பெயர் சொல்ல மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது இளசுகள் சிரிக்கிறார்கள், எங்கள் வீட்டில் சிரிக்க மாட்டோம். அப்பா பிறந்த இரவில் அயாஸ், எலும்பைப் பிளக்கும் உறைபனி. அதையே பெயராக வைத்தார்கள். ஆகவே சைராவின் வாயில் அந்தச் சொல்லே வராது. பனியில் நின்று தொழில் செய்கிறவள், உறைபனியைப் பெயர் சொல்ல முடியாதவள். "கடிக்கிறது" என்று சொல்வாள். "இன்னிக்கு வெளிய கடிக்கிறது ஜாஸ்தி, படம் பதியிற கண்ணாடித் தட்டு வெடிச்சிரும்" என்பாள். அப்பா கேட்டுவிட்டு மீசைக்குள் சிரிப்பார். அவரை அவள் 'வெள்ளைத் தொப்பி மாமா' என்பாள். என்னை 'நிமிர்ந்த அத்தான்' என்பாள். என் மனைவி சூரா அதைக் கேட்டு, "உங்க அத்தான் தூங்குறப்பக்கூட நிமிர்ந்துதான் தூங்குவாரு" என்று கேலி செய்வாள். இருக்கட்டும்.

வீட்டுப் பக்கம் வேலியும் சாணக் குவியலும் படத்தில் விழும் என்று அப்பா ஒப்பவில்லை. எனக்குப் பின்னால் சுத்தமான வெள்ளை வேண்டும், வளைவுக்குப் போவோம் என்றார். பனிச்சறுக்கு வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். உயரமான வெள்ளைத் தொப்பி, ஓநாய்த்தோல் அங்கி. நாற்காலியைப் பனியில் ஊன்றினோம். அவரைத் தனியாக எடுக்க முயன்றாள். இருமல் வந்தது, தட்டு வீணானது. மறுபடி... மறுபடியும் இருமல். ஒரே ஒரு தட்டு மிச்சம். அப்பா சொன்னார், பசங்க ரெண்டு பேரும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நெஞ்சு ஆடாது. நானும் தோரோனும் பின்னால் நின்று பிடித்துக்கொண்டோம். சூரா கீழே குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளத்திலிருந்து மூடுபனி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. குதிரை காதைத் திருப்பியது. அதன் கடிவாளத்து இரும்பு ஒருமுறை கிணுங்கியது... பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"மூச்ச அடக்குங்க" என்றாள்.

அடக்கினோம். என் காதில் என் இரத்தம் ஓடுவது கேட்டது. ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளியை மாதக்கணக்கில் பெட்டியில் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. அந்த வெட்டவெளியில்.

அப்போது கூப்பிட்டது.

"அயாஸ்பெக்... இந்தப் பக்கம் பாரு."

சைராவின் குரல். சந்தேகமே இல்லை. அவள் சொற்களின் கடைசியை லேசாக இழுப்பாள், அந்த இழுப்பும் இருந்தது. 'பாருங்க' என்றுகூட இல்லை. 'பாரு.' குழந்தையைக் கூப்பிடுவது போல.

எங்கள் மலையில் மூடுபனியிலிருந்து யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறு எந்தக் குரலாக இருந்தாலும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். ஆனால் வீட்டு மருமகள், மகன்கள் முன்னால், பெயரைச் சொல்லி, 'பாரு' என்கிறாள். கோபத்தில் அவருக்கு மற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை. தலையைத் திருப்பி, நெஞ்சில் இருந்த மூச்சு அத்தனையும் போட்டுக் கத்தினார்.

"யாருடி என் பேரச் சொன்னது? இங்கதான்டி இருக்கேன்!"

'ப்சிக்' என்று குமிழ் அழுந்தியது.

சைரா கேமராவின் பக்கத்தில் அப்படியே நின்றாள். மூக்கு வரை சால்வை. வாய் அசைந்ததா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா அங்கியைக்கூடக் கழற்றாமல் சொன்னார். விடிந்ததும் இவளை இவள் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விடு. தோரோனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். மூத்தவன் நான். கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அவரவர் ஒரு காரணம் செய்துகொள்வார்கள். அவள் தங்கைகளுக்கும் மாப்பிள்ளை அமையாது. எங்கள் வீட்டுக்கும் அது பெருமை இல்லை.

தோரோன் பாவம், ஒரு வழி கண்டுபிடித்தான்.

"அப்பா, அவ குளிரச் சொல்லியிருப்பாப்பா. இன்னிக்கு அயாஸ் ஜாஸ்தின்னு சொல்ல வந்திருப்பா. வாய் தவறியிருக்கும்."

அப்பா அங்கியின் பொத்தானில் கை வைத்தார். அதாவது, அவள் ஆமாம் என்றால் கழற்றிவிட்டு உட்காருவார். மன்னித்ததாக ஆகும். எங்கள் எல்லாருக்கும் அது புரிந்தது. சூரா அவள் இடுப்பில் இடித்து, சொல்லித் தொலை, குளிரத்தான் சொன்னேன்னு சொல்லு என்று முணுமுணுத்தாள்.

சைரா தலை குனிந்தபடியே இருந்தாள். குரல் மட்டும் குனியவில்லை.

"நான் கடிக்கிறதுன்னுதான் சொல்வேன், மாமா. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தச் சொல்லு என் வாயில வந்ததில்ல. அங்க நான் பேசவே இல்ல. உங்களோட சேர்ந்து நானும்தான் மூச்ச அடக்கியிருந்தேன்."

"அப்ப நாங்க மூணு பேரும் செவிடா?" என்றார் அப்பா.

"தட்டக் கழுவிப் படத்த எடுக்குறேன். நான் கூப்பிட்டிருந்தா நீங்க மூணு பேரும் கேமராவத்தான பார்த்திருக்கணும்? எந்தப் பக்கம் பார்த்திருக்கீங்கன்னு பாருங்க. அப்புறம் அனுப்புங்க."

அப்பா அங்கியோடுதான் தூங்கினார்.

காலையில் அவள் தட்டைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடித் தட்டில் நிறம் எல்லாம் மாறித்தான் இருக்கும். பனி கறுப்பு. எங்கள் கறுப்பு அங்கிகள் வெறும் கண்ணாடி. அப்பாவின் வெள்ளைத் தொப்பி கரிப்பானை மாதிரி. நாங்கள் மூன்று பேரும் கேமராவைப் பார்க்கவில்லை. மூன்று முகமும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது. சாலைப் பக்கம். அங்கே சைரா இல்லை. அவள் எங்களுக்கு நேர் எதிரே இருந்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கிற மனிதர் இல்லை அவர், மாமனார் கேட்பதும் முறை இல்லை. வீட்டுப் பெரியவர் உட்காரும் மேலிடத்தில் போய் உட்கார்ந்து, "மருமகளே, தேநீர் ஊத்து" என்றார். எங்கள் வீட்டில் தேநீர் ஊற்றுவது மருமகளின் இடம். அந்த இடம் அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டார். தோரோன் எழுந்து வெளியே போனான், அழுவதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று.

அதோடு முடிந்திருக்கலாம்.

சைரா ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டு, "மாமா, ஓரத்தையும் பாருங்க" என்றாள்.

எங்கள் மூவரின் வாயின் முன்னாலும் ஆவி இருந்தது. அப்பா கத்தினார், நாங்கள் திடுக்கிட்டு மூச்சை விட்டுவிட்டோம். தட்டில் அது கறுப்புப் புகையாக, அங்கிகளின் மேல் படிந்திருந்தது. மூன்று புகை. அதற்கும் அப்பால், தட்டின் ஓரத்தில், மூடுபனிக்குள் ஒரு பெண் நின்றாள். முழங்கால் வரை பனி. அவளைச் சுற்றிப் பனி கலையவே இல்லை, நடந்து வந்த தடம் இல்லை. தோளில் கறுப்புத் துணி. எங்கள் வீட்டில் அந்தத் துணி ஒன்றுதான் இருந்தது. சால்வை மட்டும் இல்லை. முகம் திறந்திருந்தது.

சைராவின் முகம்.

கூப்பிடுகிற மாதிரி வாய் விரியத் திறந்திருந்தது. அதன் முன்னால் ஆவி இல்லை. வாய் இருந்த இடம் வெறும் கண்ணாடி... அதன் வழியாக எங்கள் ஜன்னல் தெரிந்தது.

"இது நான் இல்ல, மாமா."

"தெரியும்" என்றார் அப்பா. என்னை அழைத்து, அந்த ஓரத்தை வெட்டி எடுக்கச் சொன்னார். கண்ணாடி வெட்டும் ஊசியால் நான்தான் கீறினேன். உடைந்த துண்டை எங்கே போட்டேன் என்று கேட்காதீர்கள்.

அதன்பின் அவர் கொஞ்ச காலம் இருந்தார். வெளியே மூடுபனி வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். இருமலுக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் ஏற்கெனவே பதில் சொல்லிட்டேன்டா, இப்ப பொத்தி என்ன... ஆனாலும் பொத்துவார்.

பனி உருகத் தொடங்குவதற்கு முன், ஒரு பிற்பகல். அப்பா படுக்கையில், மற்ற எல்லாரும் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பொரித்த ரொட்டி, வெண்ணெய், தேநீர். சைரா என் எதிரில், கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எனக்கு அப்போது பழக்கமாகியிருந்தது. வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், அவள் குரல் கூப்பிட்டது. இந்தத் தடவை மெதுவாக, அன்பாகக்கூட.

"அயாஸ்பெக்..."

சைரா ஊற்றுவதை நிறுத்தவில்லை. கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்தது.

அப்பா படுக்கையிலிருந்து, நான் என் வாழ்நாளில் அவரிடம் கேட்காத ஒரு பணிவோடு, "வர்றேன்" என்றார். சூரா ஓடிப்போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை.

ஆகவே குந்துஸ், அவர் அவமானத்தில் சாகவில்லை. நெஞ்சு நோயில் செத்தார். மருமகள் கையால் தேநீர் குடித்துவிட்டுச் செத்தார். அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. இன்று அவளுக்கு என்னைப் போலவே நரைத்துவிட்டது. இந்நேரம் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். இதுநாள்வரை எங்கள் மூத்தவர் ஒருவரையும் அவள் பெயர் சொன்னதில்லை. உறைபனியை இன்றும் 'கடிக்கிறது' என்றுதான் சொல்கிறாள். அந்தக் கேமராவை மட்டும் அதன்பின் வெளியே எடுத்ததில்லை.

கல்லில் முகம் திரும்பியிருப்பது உண்மை. எங்களிடம் இருந்த படம் அது ஒன்றுதான். செதுக்குகிறவன் நேராகப் பார்க்கிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்றான். என் அப்பாவின் முகத்தை நீ திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெட்கப்பட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கூப்பிட்ட பக்கம் பார்க்கிறார். அவ்வளவுதான்.

புருல்சா, தேநீர் போதும். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன்.

இந்த வயதில் ஒரு சங்கடம் இருக்கிறது, ஓரோசாலி, உனக்கும் வரும். தாத்தா என்பார்கள், பெரியவரே என்பார்கள், இன்னாருடைய அப்பா என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அப்பா, அம்மா, சூரா, போன இலையுதிர் காலத்தில் தோரோனும். தன் பெயரை ஒருவன் கேட்டே வெகுகாலம் ஆகிவிடுகிறது. அப்படி இருக்கையில் எங்கிருந்தாவது கேட்டால்... உடம்பு களைத்துப்போயிருக்கிற நேரமாகவும் இருந்தால்... வாயை மூடிக்கொள்வது லேசான வேலை இல்லை. இன்று லாரியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன்.

ஜமீர், கதவைத் தாழ் போடு. நான் எழுந்து போனால் என்னைப் பிடித்து உட்கார வை. மரியாதை பார்க்காதே.

கடைசியாக ஒன்று. இதை நீங்கள் போகிற இடத்தில் சரியாகச் சொல்லுங்கள். அந்த வளைவில் குரல் இன்றும் அயாஸ்பெக்கைக் கூப்பிடுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒருமுறைகூட அது அவர் பெயரைச் சொன்னதில்லை. இப்போது அது சொல்லும் பெயரை ஜமீர் தன் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

என் பெயர் போலோத்.